சிகாகோவுல பத்து நிமிஷ நடையில நாலு கத்தோலிக்க கோயில் எதுக்கு, இப்ப ஏன் ஒவ்வொண்ணா மூடுறாங்க?

கேள்வி கேட்டவர் சொன்னது இது: ஓ'ஹேர் ஏர்போர்ட்ல இருந்து கென்னடி எக்ஸ்பிரஸ்வேல டவுன்டவுன் வரும்போது ரெண்டு பக்கமும் கோபுரமும் கும்மட்டமுமா பெரிய பெரிய கத்தோலிக்க கோயில் தெரியுது, ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் கூப்பிடு தூரம்தான், எல்லாம் ஒரே சபைதானே, எதுக்கு இத்தனை கட்டினாங்க, கட்டினதை ஏன் இப்ப மூடுறாங்க?

நான் இந்த ஊருக்கு வந்து 19 வருஷம் ஆச்சு, வந்த புதுசுல எனக்கும் இதே கேள்விதான் இருந்துச்சு, அதுக்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு கோயிலா பூசைக்குப் போயி, வயசானவங்ககிட்ட உக்காந்து பேசி, பழைய பங்கு மலர்லாம் (ஒரு கோயிலையும் அதைச் சேர்ந்த ஜனத்தையும் பங்குன்னு சொல்லுவாங்க) தேடிப் படிச்சு தெரிஞ்சுகிட்டதை எழுதுறேன், நீளமாத்தான் வரும். சுருக்கமா சொல்லணும்னா, அந்தக் கோயில் ஒவ்வொண்ணும் ஒரு பாஷைக்கு கட்டினது. ஒரு ஊருக்கு ஒரு கோயில்ங்கிற கணக்கு அங்க கிடையாது, ஒரு பாஷைக்கு ஒரு கோயில். அந்தப் பாஷை பேசின ஜனம் எழுந்து போனதும் கட்டடம் மட்டும் நின்னுடுச்சு. மத்ததெல்லாம் இதோட விரிவுதான்.

ஆரம்பம் ரொம்பச் சின்னது. 1833ல சிகாகோங்கிறது ஏரிக்கரையில ஒரு கோட்டையும் சில நூறு ஜனமும் இருந்த சேத்து நிலம். அந்த வருஷம் ஏப்ரல்ல இங்க இருந்த கத்தோலிக்கர்கள் செயின்ட் லூயிஸ் ஆயர் (பிஷப்) ஜோசப் ரொசாட்டிக்கு எங்களுக்கு ஒரு சாமியார் வேணும்னு மனு எழுதினாங்க, அந்தக் குடும்பங்கள்ல பிரெஞ்சுக்காரங்க உண்டு, பொட்டவாட்டமி பழங்குடியோட கலந்த குடும்பங்க உண்டு, ஐரிஷ்காரங்க உண்டு. மே மாசமே செயின்ட் சிர்னு ஒரு இளம் குருவானவர் வந்து சேர்ந்தாரு, அப்பதான் குருப்பட்டம் வாங்கியிருந்தாரு. அவரு கட்டின புனித மரியா கோயில் வெறும் 25 அடிக்கு 35 அடி மரக் கட்டடம். ஒரு ஹால் சைஸ், அவ்வளவுதான். பலூன் ஃபிரேம்னு சொல்ற லேசான பலகைச் சட்டத்துல வீடு கட்டுற முறை இருக்கு பாருங்க, பின்னாடி அமெரிக்கா முழுக்க அப்படித்தான் வீடு கட்டினாங்க, அந்த முறையில கட்டின முதல் கட்டடங்கள்ல இந்தக் கோயிலையும் சேர்த்துச் சொல்லுவாங்க. பத்து வருஷத்துல, 1843ல சிகாகோ தனி மறைமாவட்டம், அதாவது ஒரு ஆயர் பொறுப்புல இருக்குற வட்டாரம் ஆயிடுச்சு, முதல் ஆயர் வில்லியம் குவார்ட்டர், அயர்லாந்துல பொறந்தவரு.

ஐரிஷ்காரங்க கூட்டமா வந்ததுக்கு காரணம் கால்வாய். ஏரியையும் இல்லினாய் ஆத்தையும் இணைக்க 1836ல இருந்து 1848 வரைக்கும் 96 மைல் நீளத்துக்கு வெட்டினாங்க, மண்வெட்டி பிடிச்சவங்கள்ல பெரும்பாலானவங்க ஐரிஷ்காரங்க, அந்தச் சமயத்துல அயர்லாந்துல உருளைக்கிழங்கு பஞ்சம் வேற வந்து இன்னும் கூட்டம் கூட்டமா கப்பலேறிட்டாங்க. ஜெர்மன்காரங்களும் அதே காலத்துல வந்தாங்க. முதல் உரசலும் அங்கதான் ஆரம்பிச்சுது, ஏன்னா ரெண்டு பேரும் கத்தோலிக்கர்தான், பூசை லத்தீன்லதான், ஆனா பிரசங்கமும் பாவசங்கீர்த்தனமும் லத்தீன்ல நடக்காது இல்லையா. தன்னோட பாவத்தை அரைகுறை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது? ஒரு ஜெர்மன் கிழவிக்கு இது சின்ன விஷயமில்ல, உயிர் போகுற நேரத்துல பக்கத்துல நிக்கிற சாமியாருக்கு தன் பேச்சு புரியணும்.

அதனால ரெண்டு வகை பங்கு வந்துச்சு. ஒண்ணு எல்லை வச்ச பங்கு, இந்தத் தெருவுல இருந்து அந்தத் தெரு வரைக்கும் யாரு இருந்தாலும் இந்தப் பங்கு. அமெரிக்காவுல இது நடைமுறையில ஐரிஷ் பங்கு ஆயிடுச்சு, ஏன்னா இங்கிலீஷ் பேசினது அவங்கதான், ஆயர்களும் பெரும்பாலும் அவங்கதான். இன்னொண்ணு தேசியப் பங்குன்னு சொல்லுவாங்க, அதுக்கு எல்லை கிடையாது, நீங்க போலிஷ் பேசினா எந்தத் தெருவுல இருந்தாலும் போலிஷ் பங்கு, லித்துவேனியன் பேசினா லித்துவேனியன் பங்கு. ஒரே தெருவுல அஞ்சு வீட்டுக்காரங்க அஞ்சு கோயிலுக்குப் போவாங்க. நீங்க ஹைவேல பார்த்த கோபுரக் கூட்டத்துக்கு அடிப்படை இதுதான்.

இன்னொரு விஷயத்தையும் இங்கயே சொல்லிடறேன், பின்னாடி வேணும். இல்லினாய்ல சட்டப்படி கோயில் சொத்து பங்கு மக்கள் பேர்ல இல்ல. 1845ல வந்த சட்டப்படி ஆயர்ங்கிற பதவியே ஒரு நிறுவனம் மாதிரி, நிலம், கட்டடம், பள்ளிக்கூடம், கல்லறை எல்லாம் அந்தப் பதவி பேர்லதான் இருக்கும். காசு போடுறது ஜனம், பத்திரம் ஆயர் பேர்ல. எத்தனை சண்டை இதுல வந்திருக்குன்னு கேட்டா மலைச்சுப் போவீங்க.

1871 அக்டோபர் தீ பத்தி எல்லாருக்கும் தெரியும். அது ஆரம்பிச்சது டிகோவன் தெருவுல ஓ'லியரி வீட்டு மாட்டுக் கொட்டகைல, அந்த ஓ'லியரி குடும்பம் பக்கத்துல இருக்குற திருக்குடும்ப கோயில் பங்குதான். அந்தப் பங்கை 1857ல ஆரம்பிச்சவரு அர்னால்ட் டாமென்ங்கிற டச்சு சேசு சபைக் குரு, கோயில் 1860ல மந்திரிச்சுத் திறந்தது. தீ பிடிச்சப்ப டாமென் ஊர்ல இல்ல, நியூயார்க் பக்கம் தியானப் பிரசங்கம் பண்ணிட்டு இருந்தாரு, சேதி கேட்டு ராத்திரி முழுக்க ஜெபம் பண்ணி, கோயில் தப்பிச்சா இடைவிடா சகாய மாதா முன்னாடி ஏழு விளக்கு அணையாம எரியவைக்கிறேன்னு நேர்ந்துகிட்டாருன்னு சொல்றாங்க. காத்து வடகிழக்கா அடிச்சுது, கோயில் தப்பிச்சுது. அந்த ஏழு விளக்கு இன்னைக்கும் எரியுது, இப்ப கரன்ட் விளக்கு. நான் மொதல் தடவை போனப்ப இந்தக் கதை தெரியாமத்தான் போனேன், ஓரமா ஏழு சின்ன விளக்கு எரியுறதைப் பார்த்துட்டு பின்னாடி பெஞ்சுல இருந்த அம்மாகிட்ட கேட்டேன், அவங்க எங்க பாட்டியோட பாட்டி காலத்து விளக்குன்னு மட்டும் சொல்லிட்டு ஜெபமாலையை விட்ட இடத்துல இருந்து தொடர்ந்தாங்க.

வடக்க ஜெர்மன்காரங்களோட புனித மிக்கேல் கோயிலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்ல. டைவர்சின்னு ஒரு பீர் ஆலை முதலாளி குடுத்த நிலத்துல 1852ல ஆரம்பிச்ச பங்கு, பெரிய கோயில் கட்டி முடிச்சு ரெண்டு வருஷம்தான் ஆயிருந்துச்சு, உள்ள எல்லாம் எரிஞ்சு சுவர் மட்டும் நின்னுச்சு. வீடு வாசல் எரிஞ்சு நடுத்தெருவுல நின்ன ஜனம் அந்தச் சுவரை வச்சே 1873க்குள்ள திரும்பக் கட்டிட்டாங்க. அந்தக் கோயில் மணிச்சத்தம் உங்க காதுல விழுந்தா நீங்க ஓல்ட் டவுன்ல இருக்கீங்கன்னு அர்த்தம்னு அந்தப் பக்கம் பேச்சு உண்டு.

இப்ப நீங்க ஹைவேல பார்த்த கோயிலுக்கு வரேன். ரோட்டை ஒட்டினாப்ல, ஒரு கோபுரம் உசரமாவும் ஒண்ணு குட்டையாவும் நிக்குது பாருங்க, அது புனித ஸ்தனிஸ்லாஸ் கோஸ்கா, சிகாகோவோட முதல் போலிஷ் பங்கு, 1867ல ஆரம்பிச்சது. குட்டை கோபுரம் 1964ல இடி விழுந்து போனது. இந்தக் கோயிலோட சரித்திரம் தெரிஞ்சா மிச்சம் இருநூறு கோயிலோட சரித்திரமும் பாதி புரிஞ்ச மாதிரி.

அந்தக் காலத்துல போலந்துன்னு உலக மேப்ல ஒரு நாடே கிடையாது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூணு பேரும் பங்கு போட்டு எடுத்துகிட்டாங்க. பிரஷ்யாவுல பிஸ்மார்க் பள்ளிக்கூடத்துல போலிஷ் பேச விடல, சாமியாருங்களை ஜெயில்ல போட்டாரு. அப்படி வந்தவங்களுக்கு தங்கள் பாஷையில பாடி, தங்கள் பாஷையில பிள்ளைங்களுக்கு பாடம் சொல்லிக் குடுக்க யாரும் தடுக்காத இடம் இந்தக் கோயில் வளாகம்தான். 1874ல வின்சென்ட் பார்சின்ஸ்கின்னு உயிர்ப்பு சபைக் குரு ஒருத்தர் பங்குச்சாமியாரா வந்தாரு, 1899ல சாகுற வரைக்கும் 25 வருஷம் அவரு ராஜ்ஜியம்தான். பேட்ரிக் கீலிங்கிற பிரபல ஆர்க்கிடெக்டை வச்சு 1877ல இருந்து 1881 வரைக்கும் இந்தக் கோயிலைக் கட்டினாரு, பள்ளிக்கூடம் நடத்தினாரு, பங்கு பேங்க் நடத்தினாரு, 1890ல இருந்து போலிஷ்ல தினசரி பேப்பர்கூட அந்தச் சபை மூலமா வந்துச்சு. 1897 வாக்குல 8,000 குடும்பம், 40,000 ஜனம்னு கணக்கு. ஒரு பங்குல. அமெரிக்காவோட மிகப் பெரிய பங்குகள்ல ஒண்ணு. ஞாயிற்றுக்கிழமை 12 பூசை, மேல கோயில்ல ஆறு, கீழ பேஸ்மென்ட் கோயில்ல ஆறு, ஒரே நேரத்துல மேலயும் கீழயும் நடக்கும். ஒரு தடவை அந்தக் கீழ் மண்டபத்துக்கு இறங்கிப் பாருங்க, தாழ்வான கூரை, தடித்தடி தூணு, அதுல ஆயிரக்கணக்குல ஜனம் பனிக்கால கோட்டோட நெருக்கிகிட்டு நின்னிருக்காங்கன்னு நினைச்சா மூச்சு முட்டும். மேல பீடத்துக்கு மேல ஒரு பெரிய ஓவியம், மாதா தன் குழந்தையை வாலிபன் ஸ்தனிஸ்லாஸ் கையில குடுக்குற காட்சி, ஜூகோடின்ஸ்கிங்கிற போலிஷ் ஓவியர் வரைஞ்சது. அந்தப் பையன் குழந்தையை வாங்குற கையை நான் ரொம்ப நேரம் பார்த்திருக்கேன், பழக்கமில்லாதவன் பச்சைப்பிள்ளையை வாங்குற மாதிரியே இருக்கும்.

சரி, இதே தெருவுல, நோபிள் தெருவுலயே, அஞ்சு நிமிஷம் தெக்க நடந்தா இன்னொரு பிரம்மாண்டமான போலிஷ் கோயில், பரிசுத்த திரித்துவ கோயில். ஒரே பாஷைதானே, எதுக்கு ரெண்டு? அதுதான் சண்டை. பார்சின்ஸ்கி பக்கம் இருந்தவங்க நாம முதல்ல கத்தோலிக்கர், குருவானவர் சொல்றபடி சமூகம் நடக்கணும்னாங்க. எதிர்ப்பக்கம் முதல்ல போலந்துக்கு விடுதலை, போலந்துக்காரன் எவனா இருந்தாலும் நம்மாளுன்னாங்க. ரெண்டு பக்கத்துக்கும் ஆளுக்கொரு பெரிய சங்கம் இருந்துச்சு. 1870கள்ல எதிர்ப்பக்கத்துக்காரங்க தங்கள் காசுல திரித்துவ கோயிலைக் கட்டி, பத்திரம் எங்ககிட்டதான் இருக்கும், சாமியாரையும் நாங்கதான் தேர்ந்தெடுப்போம்னாங்க. அது ஸ்தனிஸ்லாஸோட கிளைக்கோயில், அவ்வளவுதான்னு பார்சின்ஸ்கி தரப்பு. இழுபறியில கோயிலை வருஷக்கணக்குல பூட்டியே வச்சிருந்தாங்க, கட்டினவங்க கட்டின கோயில் வாசல்ல நின்னு ஜெபமாலை சொன்ன காலம் அது. கடைசியில 1893ல போப்பாண்டவரோட பிரதிநிதி சத்தோல்லி நேர்ல வந்துதான் தீர்த்து வச்சாரு, வேற சபைக் குருக்கள்கிட்ட கோயிலை ஒப்படைச்சாங்க. இப்ப இருக்குற கட்டடம் 1906 வாக்குல முடிஞ்சது. எல்லா இடத்துலயும் இப்படி சமாதானமா முடியல, 1895ல புனித ஹெட்விக் பங்குல தகராறு முத்தி ஒரு பெரிய கூட்டம் ரோமை விட்டே பிரிஞ்சு தனிச் சபையா போயிடுச்சு, அவங்க தலைவர் கோஸ்லோவ்ஸ்கி பின்னாடி ஆயர் பட்டமே வாங்கினாரு.

இதைப் படிச்சுட்டு சாமி விஷயத்துல இவ்வளவு அரசியலான்னு சிலர் முகம் சுளிப்பாங்க. எனக்கு அப்படித் தோணல. அக்கறை இல்லாதவன் சண்டை போட மாட்டான். தோல் பதனிடுற இடத்துலயும் இரும்பு ஆலையிலயும் வேலை பார்த்தவங்க, அவங்க போட்ட சில்லறைக் காசுலதான் இந்தச் சுவரெல்லாம் எழும்புச்சு, அதுல உரிமை கேட்டது நியாயம்தான்.

கூட்டம் தாங்காம ஸ்தனிஸ்லாஸ்ல இருந்து பிரிஞ்சு போனதுதான் 1893ல வந்த புனித ஜான் கான்ஷியஸ், அப்புறம் 1899ல ஆரம்பிச்ச சம்மனசுகளின் மாதா, அந்தப் பெரிய கும்மட்டம் வச்ச கோயில், அதைக் கட்டி முடிக்க 1911ல இருந்து 1920 வரைக்கும் ஆச்சு. இதுக்கு நடுவுல ஜெர்மன்காரங்களோட புனித போனிஃபேஸ் வேற. நீங்க கேட்ட நாலுக்கு மேல அஞ்சே வந்துடுச்சு, இப்ப கணக்கு புரிஞ்சுதா?

இதே கதை ஊர் முழுக்க. பில்சன் ஏரியாவை எடுத்துக்கங்க, பொஹீமியா செக் ஜனத்துக்கு புனித ப்ரோகோப்பியஸ், 1875. ஐரிஷ்காரங்களுக்கு ஐந்தாம் பயஸ். ஜெர்மன்காரங்களுக்கு புனித பவுல், போலிஷ்காரங்களுக்கு புனித அடால்பர்ட், லித்துவேனியர்களுக்கு தேவ பராமரிப்பு கோயில், எல்லாம் நடந்தே போயிடலாம். தெக்க, கறிக்கூடப் பக்கம் போனா இன்னும் அதிகம். 1865 கிறிஸ்மஸ் அன்னைக்கு யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ்னு மாட்டுச்சந்தையும் கசாப்புக்கூடமும் திறந்தாங்க, அதுக்குப் பின்னாடி இருந்த குடியிருப்புல ஐரிஷ், ஜெர்மன், செக், ஸ்லோவாக், லித்துவேனியன், உக்ரேனியன் எல்லாருக்கும் தனித்தனிக் கோயில், போலிஷ்காரங்களுக்கு மட்டும் மூணு, அதுல ஒண்ணு மலைப்பகுதி போலிஷ்காரங்களுக்கு. வேலை ஒரே கூடத்துல, ரத்தத்துல நின்னு, தோளோட தோள் ஒட்டி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆளுக்கொரு மணிச்சத்தம். இந்தக் கோயில்களை ஒரே மேஜையில உக்கார வைக்க 1939 வரைக்கும் ஆச்சு, சால் அலின்ஸ்கி, ஜோசப் மீகன் ரெண்டு பேரும் துணை ஆயர் ஷீல் ஆதரவோட ஒரு அக்கம்பக்கக் கவுன்சில் ஆரம்பிச்சு, பங்குச்சாமியாரையும் தொழிற்சங்கத்தையும் ஒண்ணு சேர்த்தாங்க. அமெரிக்காவுல ஏரியா மக்களைத் திரட்டுற வேலைக்கே அதுதான் முன்மாதிரி ஆச்சு.

பள்ளிக்கூடத்தைச் சொல்லாம விட்டா பாதிதான் சொன்ன மாதிரி. 1884ல பால்டிமோர்ல ஆயர்கள் கூடி ஒவ்வொரு பங்கும் பள்ளிக்கூடம் வச்சே ஆகணும்னு முடிவெடுத்தாங்க. பல பங்குல பள்ளிக்கூடம்தான் முதல்ல வந்துச்சு, கோயில் அப்புறம். ஒரே கட்டடத்துல கீழ கோயில், மேல வகுப்பு. அதை நடத்தினது சிஸ்டருங்க, கையில வாங்கினது சொற்பக் காசு, ஒரு வகுப்புல அறுபது எழுபது பிள்ளைங்க. கோபுரத்தைப் பார்த்து பேசுறோம், பங்குச்சாமியார் பேரைக் கல்லுல வெட்டியிருக்கோம், இந்த சிஸ்டருங்க பேரு எங்கயும் இல்ல. எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு. அவங்க இல்லாம இந்த அமைப்பு ஒரு வருஷம் ஓடியிருக்காது.

கறுப்பின கத்தோலிக்கர்களோட கதை தனி. அகஸ்டஸ் டோல்டன், 1854ல மிசௌரியில அடிமையாப் பொறந்தவரு, அமெரிக்காவுல சாமியாருக்குப் படிக்கிற செமினரி ஒண்ணுகூட சேர்த்துக்காம ரோமுக்குப் போயி 1886ல குருப்பட்டம் வாங்கினாரு, 1889ல சிகாகோ வந்தாரு. வேற கோயில் பேஸ்மென்ட்ல பூசை கேட்டுட்டு இருந்த ஜனத்துக்காக தெக்க புனித மோனிக்கா கோயிலைக் கட்ட ஆரம்பிச்சாரு, 1894ல முழுசா முடியாமலே திறந்தாங்க, காசு போதாம தற்காலிகக் கூரை. 1897 ஜூலைல கொளுத்துற வெயில்ல தெருவுல சுருண்டு விழுந்து செத்துப்போனாரு, வயசு 43. போலிஷ்காரங்க கும்மட்டம் எழுப்புற ஊர்ல இவரு கோயிலுக்கு ஒழுங்கான கூரை இல்ல. 2019ல ரோம் அவரை வணக்கத்துக்குரியவர்னு அறிவிச்சுது, புனிதர் பட்டத்துக்குப் போற வழியில அது ஒரு படி.

1916ல ஜார்ஜ் முண்டலைன் பேராயரா (ஆர்ச்பிஷப்) வந்ததும் காத்து மாறுச்சு. (அவரு வந்த வரவேற்பு விருந்துல சமையல்காரன் ஒருத்தன் சூப்ல ஆர்செனிக் கலந்து நூறு பேர் வரைக்கும் வாந்தி எடுத்தாங்க, யாரும் சாகல, முண்டலைனுக்கு ஒண்ணும் ஆகல.) அவருக்கு எல்லாரும் அமெரிக்கர் ஆகணும், பள்ளிக்கூடத்துல முக்கிய பாடம் இங்கிலீஷ்ல நடக்கணும், புதுசா பாஷைப் பங்கு முடிஞ்சவரைக்கும் வேண்டாம். 1926ல சர்வதேச நற்கருணை மாநாட்டை சிகாகோவுல நடத்தினாரு, லட்சக்கணக்குல ஜனம். அடுத்த முப்பது வருஷம்தான் உச்சம். மேற்குப்பக்கம் வியாகுல மாதா கோயில்ல 1937 ஜனவரில ஒரு வெள்ளிக்கிழமை நவநாள்ங்கிற தொடர் ஜெபம் ஆரம்பிச்சாங்க, கொஞ்ச நாள்ல ஒரு வெள்ளிக்கிழமைக்கு 70,000 பேர் வர்ற அளவுக்குப் போயிடுச்சு, காலையில இருந்து ராத்திரி வரைக்கும் கூட்டம் மாத்தி மாத்தி. அந்தக் காலத்துல உனக்கு எந்த ஏரியான்னு கேட்டா ஜனம் தெருப்பேர் சொல்லாது, பங்கு பேரைத்தான் சொல்லும். வாடகை விளம்பரத்துலகூட பங்கு பேர் போடுவாங்க.

அந்தப் பெருமையோட மறுபக்கம் அசிங்கமானது, அதையும் சொல்லித்தான் ஆகணும். எங்க பங்குங்கிறது எங்க எல்லை ஆச்சு, எல்லைக்குள்ள கறுப்பின குடும்பம் வீடு வாங்கினா கல்லெறி. 1966ல மார்ட்டின் லூதர் கிங் மார்க்கெட் பார்க் (Marquette Park) ஏரியாவுல ஊர்வலம் போனப்ப அவரு தலையில கல் பட்டுச்சு, கூட நடந்த குருக்கள், சிஸ்டருங்களைக் கெட்ட வார்த்தையில திட்டினவங்கள்ல நிறையப் பேர் அதே கத்தோலிக்கப் பங்குகள்ல வளந்தவங்க. அவங்களே சீக்கிரத்துல வீட்டை வித்துட்டு சபர்பனுக்குப் போனாங்க. ஹைவேயும் இந்தப் பங்குகள் வழியாத்தான் போட்டிருந்தாங்க. ஸ்தனிஸ்லாஸ் கோயில் வழியா கென்னடி ரோடு வர இருந்துச்சு, போலிஷ் ஜனம் சண்டை போட்டு கோயிலைக் காப்பாத்திட்டாங்க, அதனாலதான் ரோடு அங்க ஒதுங்கி வளைஞ்சு போகுது. கோயில் தப்பிச்சுது, ஆனா கோயிலைச் சுத்தி இருந்த வீடுகள் போச்சு.

1958 டிசம்பர் 1ம் தேதியைப் பத்தி வயசானவங்ககிட்ட கேட்டா இன்னைக்கும் குரல் இறங்கும். மேற்குப்பக்கம் சம்மனசுகளின் இராக்கினி (அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ்) பங்குப் பள்ளிக்கூடத்துல, ஸ்கூல் விடுறதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடி தீ. படிக்கட்டு வழியா புகை மேல ஏறி மாடிப் பிள்ளைங்க வெளிய வர வழியில்லாம போச்சு, 92 பிள்ளைங்க, 3 சிஸ்டருங்க செத்துட்டாங்க. பழைய கட்டடம்ங்கிறதால புது தீ பாதுகாப்பு விதி அதுக்குப் பொருந்தாதுன்னு விட்டிருந்தாங்க, தண்ணி தெளிக்கிற ஸ்பிரிங்க்லர் கிடையாது. அதுக்கப்புறம்தான் நாடு முழுக்க ஸ்கூல் கட்டட விதிகளை மாத்தினாங்க. அந்தப் பங்கு அதுக்கப்புறம் பழைய மாதிரி ஆகவே இல்ல.

இப்ப மூடுற விஷயம். ஜனம் சபர்பன்ல, கோயில் சிட்டில. 1,500 பேர் உக்காருற கோயில்ல 80 பேர், நூறு வருஷத்துக் கூரை, பாய்லர், சிகாகோ குளிர். சாமியாருங்க எண்ணிக்கை கொறைஞ்சு போச்சு, சிஸ்டருங்க இல்லாததால பள்ளிக்கூடத்துக்கு சம்பளம் குடுத்து வாத்தியார் வைக்கணும். 1990ல அப்பப் பேராயரா இருந்த கர்தினால் பெர்னார்டின் ஒரேயடியா பல பங்கை மூடுறதா அறிவிச்சாரு. 2016ல கர்தினால் கியூபிச் ஆரம்பிச்ச சீரமைப்புல 344 பங்கா இருந்தது கிட்டத்தட்ட 220க்கு வந்துடுச்சு. மூடுற முடிவு பேராயரோடது, ஏன்னா முன்னாடி சொன்னேன் இல்லையா, பத்திரம் அந்தப் பதவி பேர்லதான். பில்சன்ல அடால்பர்ட் கோயிலை 2019ல மூடினாங்க, 185 அடி ரெட்டைக் கோபுரம், அங்க இருந்த பியெத்தா சுரூபத்தை, செத்த ஏசுவை மாதா மடியில வச்சிருக்குற சிலையை, எடுத்துட்டுப் போக வந்தப்ப கட்டினவங்க வம்சமான போலிஷ்காரங்களும், கடைசியா அங்க கும்பிட்ட மெக்சிகோக்காரங்களும் சேர்ந்து வாசல்ல நின்னாங்க. போனிஃபேஸ் கோயில் 1990ல மூடி வருஷக்கணக்குல பாழடைஞ்சு கடைசியில அபார்ட்மென்ட். இப்ப இருக்குற போப்பாண்டவர் பதினாலாம் லியோ சின்ன வயசுல பூசைக்குப் போன தெக்குக் கடைசி புனித மரியா விண்ணேற்பு கோயில்கூட காலியாத்தான் நிக்குது, கூரையில ஓட்டை.

ஆனா எல்லாம் சாகல, ஏன் சிலது பிழைச்சுதுன்னு பார்த்தா காரணம் தெளிவாத் தெரியும். திருக்குடும்ப கோயிலை இடிக்கப்போறாங்கன்னதும் 1990 டிசம்பர் 31க்குள்ள பத்து லட்சம் டாலர் வேணும்னு கெடு வச்சாங்க, ஜனம் ஜெபம் பண்ணிட்டே வசூல் பண்ணி கெடுவுக்குள்ள சேர்த்துட்டாங்க. ஐரிஷ்காரங்களோட பழைய புனித பேட்ரிக் கோயில், 1856ல முடிஞ்சது, தீயில தப்பினது, 1983ல பதிஞ்ச உறுப்பினர் நாலே நாலு பேர், டவுன்டவுன் ஆபீஸ்ல வேலை பார்க்குற இளவட்டத்தை வெளியூர் உள்ளூர் பார்க்காம கூப்பிட்டாங்க, இப்ப ஆயிரக்கணக்குல குடும்பம். கான்ஷியஸ் கோயில் பழைய லத்தீன் பூசையையும் நல்ல பாடற்குழுவையும் வச்சு எழுந்துச்சு. பில்சன்ல மெக்சிகோ ஜனம் வந்து செக், போலிஷ் பீடத்துல குவாதலூப்பே மாதாவை வச்சாங்க, 1976 கிறிஸ்மஸுக்கு முந்தின ராத்திரி ஒரு தீ விபத்துல குழந்தைங்க செத்த துக்கத்துக்கு அப்புறம் 1977ல இருந்து பெரிய வெள்ளிக்கு 18வது தெருவுல சிலுவைப்பாதை நடத்துறாங்க, தெரு கொள்ளாத கூட்டம். ஸ்தனிஸ்லாஸ்ல இன்னைக்கு இங்கிலீஷ், போலிஷ், ஸ்பானிஷ் மூணுலயும் பூசை. பாஷைக்கு ஒரு கோயில்ங்கிற பழக்கமும் இன்னும் நின்னுபோகல, கேரளாவுல இருந்து வந்த சீரோ மலபார் சபைக்கு 2001ல சிகாகோவை வச்சே மறைமாவட்டம் குடுத்தாங்க, பெல்வுட்ல அவங்க கதீட்ரல், மலையாளத்துல பூசை. நூறு வருஷம் முன்னாடி போலிஷ் பாட்டிங்க கேட்டதைத்தான் இவங்களும் கேட்டாங்க.

அடுத்த தடவை வந்தா ப்ளூ லைன் ட்ரெயின்ல டிவிஷன் ஸ்டேஷன்ல இறங்கி நோபிள் தெருவுல நடங்க, திரித்துவமும் ஸ்தனிஸ்லாஸும் ஒரே நடையில பார்த்துடலாம். கார் இருந்தா வடக்க லேக் கவுன்ட்டில ஓல்ட் மில் கிரீக் வரைக்கும் போங்க. வயல்வெளி நடுவுல புனித ரஃபேல் கோயில்னு ஒண்ணு இருக்கு, முகப்பு மட்டும் பழைய சுண்ணாம்புக் கல்லு. அது கறிக்கூடத்துக்குப் பின்னாடி போலிஷ்காரங்க கட்டின புனித ஜான் ஆஃப் காட் கோயிலோட முகப்பு. 1992ல அந்தப் பங்கை மூடினாங்க, 2011 வாக்குல கட்டடத்தை இடிச்சாங்க, இடிக்கும்போது கல்லைக் கல்லாக் கழட்டி அங்க கொண்டுபோயி அடுக்கினாங்க, உள்ள இருக்குற பீடங்க மேற்குப்பக்கம் மூடின புனித பீட்டர் கனீசியஸ் கோயில்ல இருந்து வந்தது. நான் போனது ஒரு நவம்பர் சாயங்காலம், பூசை முடிஞ்சு ஜனம் கார் எடுத்துட்டு இருந்தாங்க, ஒரு பெரியவர் மட்டும் வாசல் தூண்ல கை வச்சு நின்னாரு. எனக்கு இந்தத் தூண்கிட்டதான் ஞானஸ்நானம் கொடுத்துத் தூக்கிட்டு வந்தாங்களாம், ஆனா அப்ப இது அம்பத்திரண்டாவது தெருவுல இருந்துச்சுன்னாரு.